குரங்குக்கு ஒரு பெயர்

“வாயைத் திறந்தா மூடத் தெரியாத சீவன் எண்டு குரங்கைத்தான் சொன்னனான். உம்மை ஆர் சொன்னது?”

என்னைக் கட்டின மனிசன் செல்வரட்ணத்தின் சமாளிப்பு இது. ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. ஓய்வுபெற்ற பிறகு விலங்குச் சிலை செய்யத் தொடங்கியவர். கோயில் வாசல் சிங்கம் மாதிரி அல்ல. சிலிக்கோன் தோல், ஈரம் மினுங்கும் கண், ஊசியால் ஒவ்வொன்றாய் நட்ட மயிர். எங்கள் மானிப்பாய் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்த குரங்கைக் கண்டு மீன்காரர் படலையைத் திறக்க மறுத்துவிட்டார். வாயை ஆவெனப் பிளந்து, ஒரு கையை முன்னால் நீட்டியபடி இருந்தது. மனித குணத்தை மிருகத்தில் காட்டுகிறாராம்.

காட்டட்டும். ஆனால் விடிந்தால் யாழ்ப்பாணத்தில் கண்காட்சி. குரங்கின் காலடியில் வைக்க அவர் எழுதிய அட்டையில் ஒரே சொல்: ‘மனிசி’. அதன் கீழே அவருடைய பெயர். எங்கள் ஊரில் மனிசி என்றால் முதலில் பெண்சாதிதான். இரண்டையும் சேர்த்து வாசித்தால் நான்.

என்னோடு கொன்வென்ரில் படித்தவர்கள் முழுப்பேரும் வருவார்கள். பிளந்த வாய் ஏசுவதற்கு, நீட்டிய கை காசுக்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள். அழுதால் அதையும் அடுத்த சிலையாக்குவார். குரலை இறக்கினேன்.

“இஞ்சருங்கோ, உது பொம்பிளையளின்ரை குணம் மட்டுமோ?”

“சீ, முழு மனித குலத்தின்ரையும்.”

“அப்ப ‘மனிசன்’ எண்டெல்லோ எழுத வேணும்? கலை தெரிஞ்ச சனம், மனித குலத்திலை உமக்குப் பாதிதான் தெரியுமோ எண்டு கேக்கும்.”

கலை தெரிந்த சனம் என்றதும் ஆள் நிமிர்ந்தார். தன் கையாலேயே புது அட்டை எழுதினார். குரங்கைக் கண்காட்சியில் வைக்க விட்டு நான் தோற்றுப்போனதாக அவருக்கு நினைப்பு, விசில் வேறு அடித்தார்.

மறுநாள் மண்டபத்தில் கூட்டம் முழுக்கக் குரங்கைச் சுற்றித்தான். என் வகுப்புத் தோழி மார்கிரட் அட்டையைச் சத்தமாக வாசித்தாள். மனிசன், செல்வரட்ணம். பிளந்த வாயைப் பார்த்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள்.

“பாலேஸ், உது உன்ரை மனிசனோடி?”

“ஓம். கை தேத்தண்ணிக்கு. வாய் சோத்துக்கு.”

தன் வீட்டிலும் இதே ஆள்தான் குந்தியிருக்கிறார் என்றாள் அவள். அதன்பிறகு பெண்கள் தங்கள் மனிசன்மாரை இழுத்துவந்து, குரங்குக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். வரிசை வாசல்வரை போனது. நானும் ஒரு படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றபோது, என்ரை மனிசன் வியர்த்துப்போய் என் காதருகே குனிந்தார்.

“இஞ்சேரும், அது மனித குலம் எண்டு உவையளுக்கு ஒருக்காச் சொல்லுமப்பா.”