டப்பா சொல்தா தொடாத விரல்

நோயாளிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதவர்களுக்குப் புதுச்சேரியில் ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு டப்பா சொல்தாவுக்குத்தான். அதை வாங்கிய கையோடு, இரண்டாம் பரிசு வாங்கியவரிடம் "மூஞ்சி வீங்கியிருக்கே, கிட்னிய பாத்தியா?" என்றும் கேட்டுவிட்டு வருவார்.

பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம்; நேரில் கூப்பிடும்போது முசே, அதாவது ஐயா. இவர் கடற்படையில் முக்குளித்தவர். டப்பா என்பது, ஒரு தனியார் மருத்துவமனையின் பின்கட்டில் அவர் இயக்கிவந்த உயர் அழுத்த அறை. சக்கரம் கழற்றிய டேங்கர் லாரி போல ஓர் இரும்பு உருளை. நான்கு பேரை உள்ளே வைத்துக் கதவை மூடி, காற்றழுத்தத்தை ஏற்றி, முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுப்பார்கள். சர்க்கரை நோயால் கால் புண் ஆறாதவர்கள்தான் வழக்கமாக வருவார்கள். எப்போதாவது என்னைப் போல ஒரு முட்டாள் கடலிலிருந்து வருவான்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். விடுமுறை நாட்களில் ஸ்கூபா. அன்று காலை நல்ல ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு, ஓர் ஆமையைப் படம் பிடிக்க அதன் பின்னாலேயே மேலே போனேன். நின்று நின்று ஏற வேண்டியவன், லிஃப்டில் வந்தவன் போல வந்து சேர்ந்தேன். அப்படி ஏறினால், திறந்த சோடா பாட்டிலில் பொங்குவதுபோல, உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி பாஸானவன் நான்.

படகிலேயே தோள் வலித்தது. சிலிண்டர் தூக்கியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் என் மனைவி ஜெர்மேன் தைலம் தேய்த்துவிட்டாள். மாடிப்படி ஏறும்போது, "செருப்பு எங்க?" என்று கேட்டாள். வலது கால் செருப்பு மூன்று படி கீழே கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. மதியத்துக்குள் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று.

முதுகுத்தண்டில் குமிழ் அடைத்திருக்கிறது, உடனே உள்ளே அனுப்புங்கள் என்றார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் கிடந்த என்னிடம் சொல்தா வந்தார். வெள்ளை மீசை, காக்கி அரைக்கால் சட்டை. வணக்கமெல்லாம் கிடையாது.

"மூத்திரம் போச்சா?"

காத்திருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல முசே. வரல."

"கடல்லேர்ந்து ஏறி எந்நேரமாச்சி?"

"நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரமா வூட்ல என்னாய்யா பண்ண?"

"ரெஸ்ட் எடுத்தேன்."

"நல்லா எடுத்த. இனிமே ஆயுசுக்கும் ரெஸ்ட்தான்."

ஜெர்மேன் அழத் தொடங்கினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து என்னை முகர்ந்துகொண்டிருந்தார்.

"என்னா வாசன இது?"

"தைலம் முசே. நான்தான் தேச்சிவுட்டேன்."

"மதாம், உள்ள ஆக்சிஜன். எண்ண, தைலம் எதுவும் ஆவாது. ஒரு பொறி போதும், புருஷன சாம்பலாத்தான் அள்ளிக்கினு போவீங்க."

சோப்பை எடுத்து அவரே என் தோளைத் தேய்த்தார். வஞ்சிர மீனுக்குச் செதில் சீவுகிற தேய்ப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் தலையை, தேங்காயெண்ணெய் போகும்வரை நான்கு தடவை கழுவியவராம். நர்ஸ் பின்னால் சொன்னார்.

பருத்தி உடையை மாட்டி என்னை உள்ளே படுக்க வைத்து, அவரும் கூடவே ஏறி உட்கார்ந்தார். கதவு மூடியது. காற்று சீறியது. காது அடைத்தது. உள்ளே சூடு. கடலுக்கடியில் பதினெட்டு மீட்டரில் இருக்கும் அழுத்தம். வெளியே வர ஐந்து மணி நேரம் ஆகும். நடுநடுவே ஐந்து நிமிடம் முகமூடியைக் கழற்றலாம், பேசலாம்.

"பயமா இருக்கு முசே."

"இருக்கணும். என் கூட்டாளி ஒருத்தன் பயப்படல. ஒண்ணுமில்லன்னுட்டு போய்ப் படுத்தான். அப்பறம் எந்திரிக்கல."

"செத்துட்டாரா?"

"இல்ல. நாற்காலி. பொண்டாட்டிதான் குளிப்பாட்டிவுடுவா. செத்திருக்கலாம்னு அவனே சொல்லுவான்."

நான் அவசரமாக முகமூடியை மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் பலனில்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முகமூடியைக் கழற்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "போதும் முசே, வுட்டுடுங்க" என்றேன்.

அவர் என் கால் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ண மூடு. எந்த வெரல தொடறேன், சொல்லு."

சுவருக்கு அந்தப்புறம் யாரோ தட்டுவது போல என்னவோ இருந்தது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா, தெரியாது.

"கட்ட வெரல்."

"சரி. இது?"

"சுண்டு வெரல்."

"சரி."

பத்துக்கு ஏழு சரி என்றார். மறுநாள் எட்டு. அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு ருசித்தது. நாளைக்கும் வருகிறேன் என்று டாக்டரிடம் நானே சொன்னேன்.

ஐந்தாம் நாள் இடது கால் அசைந்தது. அதற்கு மறுநாள் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். கழிவறைக் கதவருகே காத்திருந்த சொல்தா, சத்தம் கேட்டதும் நடைவழி முழுக்க அதிரக் கத்தினார்:

"மதாம்! போயிட்டாரு! உங்க வூட்டுக்காரரு போயிட்டாரு!"

ஜெர்மேன் நின்ற இடத்திலேயே சரிந்தாள். எனக்குப் போட வந்த சலைன் பாட்டிலை அவளுக்குப் போட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் அவள் சொன்னாள். தினமும் டப்பாவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"வெரலயே அவரு தொடல. ரெண்டு நாளும் உங்க குதிகாலத்தான் புடிச்சிக்கினு உக்காந்திருந்தாரு. ஸ்பீக்கர்ல கேட்டுது, அவரா வாய்க்கு வந்தபடி சரி, தப்புன்னு சொன்னாரு."

அவரிடமே கேட்டேன்.

"உள்ள பிரஷர் ஜாஸ்தி. நீ சொன்னது காதுல வுழல" என்றார்.

எனக்கு இனி கடல் கிடையாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இடது கால் சரியாகிவிட்டது. வலது கால் இன்னும் இழுக்கிறது. இப்படியே இருக்கும் என்கிறார்கள். சொல்தாவும் வேலையை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குருசுக்குப்பம் வரை இருவரும் நடக்கிறோம். எனக்காக அவர் நடையைக் குறைப்பதில்லை. கை கொடுப்பதும் இல்லை. விறுவிறுவென்று முன்னால் போய்விடுகிறார். போய், ஓரமாக நிற்கும் ஏதாவது ஓர் ஆளில்லாத ஸ்கூட்டரைப் பார்த்து, "வண்டி வுடுற லட்சணமா இது?" என்று திட்ட ஆரம்பிக்கிறார். நான் காலை இழுத்து இழுத்து அவர் பக்கத்தில் போய்ச் சேரும்வரை, அந்த ஸ்கூட்டரைத் திட்டி முடிப்பதில்லை.