அரிப்பு எத்தனைப்பா?

பிள்ளைகளில் பல ரகம் உண்டு. எட்டியே பார்க்காத பிள்ளை ஒரு ரகம், வந்து உட்கார்ந்து போனையே தடவிக்கொண்டிருக்கும் பிள்ளை இன்னொரு ரகம். இவர்களைத் திட்டித் திட்டி நமக்கே வாய் வலித்துவிட்டது. இங்கே பேச்சு மூன்றாவது ரகத்தைப் பற்றி. பாசம் தலைக்கேறி, அப்பாவுக்கு வந்த நோயைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு, அவருக்குப் பத்தியம் போடும் மகன். மருந்துக் கடைக்காரர் இவரைக் கண்டால் எழுந்து நிற்பார். டாக்டர் இவரைக் கண்டதே இல்லை.

மாதிரிக்கு நம் லிஃப்ட் மெக்கானிக்கை எடுத்துக்கொள்வோம். எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்று முனகினாலும் இவருடைய வைத்தியம் ஒன்றுதான். சந்தேகப்பட்ட பாகத்தை ஒவ்வொன்றாகக் கழற்று. எதைக் கழற்றியதும் முனகல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இருபது வருஷமாகத் தோற்காத வழி. அதைக் கட்டடத்தோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடுவாரா?

அப்பாவுக்கு ஆறு வருஷமாக அரிப்பு. நாற்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். முதுகும் கெண்டைக்காலும் தோல் காய்ந்து செதில் செதிலாக உதிர, சீப்பு, ஸ்கேல், கரண்டிக் காம்பு என்று கைக்கு அகப்பட்டதால் எல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். ஒருநாள் மகன் போனில் ஒரு வீடியோ பார்த்தார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், பின்னால் அலமாரி நிறையப் புத்தகம், "தோல் வெறும் கதவுதான், திருடன் வயித்துக்குள்ள இருக்கான்" என்றார். அவ்வளவுதான். திருடனைப் பிடிக்க ஆள் கிளம்பியாயிற்று.

மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் கட்டம் போட்ட காகிதம் ஏறியது. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "அரிப்பு எத்தனைப்பா, பத்துக்கு?" என்பார். முதல் நாள் அப்பா யோசித்து, உள்ளதைச் சொன்னார். எட்டு. பால் நின்றது. அடுத்த வாரம் ஒன்பது. கோதுமை நின்றது. பிறகு தக்காளி, கத்தரிக்காய், வேர்க்கடலை, மீன் எல்லாம் வரிசையாக வீட்டை விட்டு வெளியேறின. கடைசியில் முட்டையும் போனது. காலையில் ஒரு அவித்த முட்டை, மிளகுத்தூள் போட்டு, ஜன்னலோரம் நின்று தின்பது அந்தக் கிழவருக்கு உலகத்திலேயே மிச்சமிருந்த ஒரே சொகுசு.

போன இடத்தை நிரப்ப டப்பாக்கள் வந்தன. மீன் எண்ணெய் மாத்திரை, ஏப்பம் விட்டால் துறைமுகம் மணக்கும். துத்தநாக மாத்திரை. ஒரு பச்சைத் தூள், சிலேட்டைக் கழுவிய தண்ணீர் ருசி. அசல் மீன் ஆகாது, அதன் எண்ணெய் மட்டும் ஆகுமா என்று கேட்காதீர்கள். வீடியோவில் சொல்லியிருக்கிறது.

மருமகள் மட்டும் ஒருமுறை வாயைத் திறந்தாள். "நீங்க கழட்டுற லிஃப்ட் பசிக்குதுன்னு சொல்லாதுங்க. மாமா சொல்லுவார்."

"அவர் ஒண்ணும் சொல்லலையே" என்றார் இவர். உண்மைதான். பசிக்கிறது என்று அப்பா சொல்வதை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்புறம் நடந்தது அதிசயம். ஒரு திங்கட்கிழமை அப்பா "நாலு" என்றார். வியாழக்கிழமை "ரெண்டு". மகனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழுது அடங்கினால் கழற்றியதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பது தொழில் முறை. முட்டை திரும்பி வந்தது. அரிப்பு ஒன்றரை. பால் வந்தது. அரிப்பு ஒன்று. பச்சைத் தூளின் புகழ் தெரு முழுக்கப் பரவி, எதிர்வீட்டு டீச்சர் தன் அம்மாவுக்கு இரண்டு டப்பா வாங்கினார். தையல்காரர் சொறி பிடித்த தன் நாய்க்குக் கேட்டார்.

அந்த வாரம்தான் மகன் ஒன்றைக் கவனித்தார். அப்பாவின் அறைக் கதவு நிலையில், தோள் உயரத்தில், பெயின்ட் தேய்ந்து மரம் வழவழவென்று தெரிந்தது. தேய்மானத்தைக் கண்டால் மெக்கானிக்குக் கை சும்மா இருக்குமா? ஏன் தேய்ந்தது என்று கேட்கத்தான் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து, சாயங்காலம்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். பரிமாறியிருந்த தட்டை எடுக்கத் திரும்பினார். பனியன் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை பச்சைக் கோடு; ஒன்றல்ல, மேலும் கீழுமாகப் பத்துத் தடவை உரசிய கோடு.

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். மகன் எழுந்துபோய்ப் பனியனைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் தோல் இருந்த இடம் குறைவு, கீறல் இருந்த இடம் அதிகம்.

"ஒண்ணுன்னு சொன்னீங்களேப்பா."

"எட்டுன்னு சொன்னேன், பால் போச்சு. ஒம்போதுன்னு சொன்னேன், கோதுமை போச்சு. பத்துன்னு சொன்னா என்னையும் கழட்டி வெளிய வச்சிருவியோன்னுதான்." அப்பா தட்டில் இருந்த முட்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

மறுநாள் தோல் டாக்டர். அரிப்பு எவ்வளவு என்று அவர் கேட்டதும் அப்பா மகன் முகத்தைப் பார்த்தார். டாக்டர் அதைக் கவனித்தார். மகனைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னார். இருபது வருஷத்தில் வேலை நடக்கும் இடத்தைவிட்டு மெக்கானிக்கை வெளியேற்றியது அதுதான் முதல் தடவை. களிம்பு ஒன்று எழுதி, கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை நிறுத்தச் சொல்லி, முட்டை தாராளமாகச் சாப்பிடலாம் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஃப்ரிட்ஜ் காகிதத்தைப் பிய்த்தெடுத்தார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பின்பக்கத்தைத் திருப்பி, 'களிம்பு காலை, களிம்பு மாலை' என்று கட்டம் போட ஆரம்பித்தார்.

"நம்பர் கேக்காதடா" என்றார் அப்பா, பனியனைக் கழற்றிக்கொண்டே. "முதுகைப் பாரு."

மகன் பேனாவை வைத்துவிட்டுக் களிம்பைத் திறந்தார்.

நல்லது. நமக்கு இப்படியெல்லாம் புத்தி போகாது, இல்லையா? ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பச்சைத் தூள் என்ன பெயர், எங்கே கிடைக்கும் என்று நடுவில் ஓர் இடத்தில் உங்கள் மனசு கேட்டதா, கேட்கவில்லையா?