கட்டில் பார்க்கும் படலம்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம், மரச்சாமான் கடைக்குள் சாப்பாட்டுக் கூடம் வைத்ததுதான். மறுப்பவர்கள் வெறும் வயிற்றோடு அலமாரி வாங்கிய பாவிகளாக இருக்க வேண்டும்.

அப்பாவின் கட்டில் கால் ஒடிந்தது. முதுகுவலிக்காரர். மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தார். குடும்பத்தின் அவசரக் கூட்டம் கூடி, ஞாயிறுதோறும் கடைக்குச் சென்று கட்டிலை 'ஆய்வு' செய்வதென ஏகமனதாகத் தீர்மானித்தது. மச்சான் கௌரவ ஆலோசகர். அவரது துறை, சாக்லேட் கேக்.

அந்தக் கடையில் தரையெங்கும் அம்புக்குறிகள். எதைப் பின்பற்றினாலும் மேல்மாடிச் சாப்பாட்டுக் கூடத்தின் சூப்பில் போய் முடியும்.

"மொதல்ல கட்டிலப் பாத்துடலாமே?" என்றேன், கடமை தவறாமல்.

"வெறும் வயித்தோட பெரிய முடிவு எடுக்கக் கூடாதுங்க," என்றாள் மனைவி.

சாப்பிட்டோம்.

"இப்பப் பாக்கலாமா?"

"வயிறு நெறஞ்சிருந்தா எந்தக் கட்டில்ல படுத்தாலும் சொகமாத்தான் இருக்கும். ஏமாந்துடுவோம் மாப்ள," என்றார் ஆலோசகர்.

இந்த இரு கொள்கைகளுக்கும் நடுவே மாதங்கள் ஓடின. இருக்கை, படுக்கை தேடிப் போன குடும்பம் இரு கையும் எண்ணெயாகத் திரும்பி வந்தது.

"கட்டில் என்னப்பா ஆச்சு?" சுவரைப் பிடித்து எழுந்தபடி அப்பா கேட்பார்.

"பரிசீலனையில இருக்குப்பா."

ஒரு ஞாயிறு அவரே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு வழியின்றி அழைத்துப் போனோம். "இதுல படுத்துப் பாருங்கப்பா. நாங்க மேல போய் விசாரிச்சுட்டு வந்துடறோம்," என்று காட்சிக் கட்டில் ஒன்றில் படுக்க வைத்துவிட்டு, சூப், வறுத்த கோழி, கேக் மூன்றையும் தீர விசாரித்தோம்.

கையில் ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு இறங்கி வந்தால், கட்டிலைச் சுற்றிச் சிறு கூட்டம். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் விற்பனையாளர், வாயில் விரல் வைத்தபடி.

"உங்க அப்பாவா சார்? நல்லாத் தூங்கி ரொம்ப நாளாச்சு போலிருக்கு. எழுப்ப மனசு வரல." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "சாரை மேல அடிக்கடி பாத்திருக்கேன். கீழ்த் தளத்துக்கு இதுதான் மொதத் தடவையா?"

பேச்சுச் சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார்.

"ஐயா, கட்டில் புடிச்சிருக்கா? இதையே வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

அப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். என் கையில் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீமைப் பார்த்தார். தம் கைக்குட்டையை எடுத்து என் மோவாயைத் துடைத்துவிட்டார்.

"அவசரமில்ல தம்பி. புள்ளைக்கு இன்னும் பசி அடங்கல. அடங்கட்டும், வாங்கித் தருவான்."