ஆமீன் சொன்ன சபை

பிறைத்தீவு என்றொரு நாடு கடலுக்கு நடுவே இருந்தது. அங்கே சட்டம் இயற்றுவது மிகச் சுலபம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் சுல்தானின் அமைச்சரான வஜீர் முனவ்வர் எழுந்து, அரண்மனை எழுத்தர் மேல்மொழியில் எழுதிக்கொடுத்ததைக் கம்பீரமாக வாசிப்பார். வீட்டுமொழி மட்டுமே அறிந்த மக்கள் அதை இறைவேண்டலான துஆ என்று நினைத்துக் கையேந்தி "ஆமீன்" என்பார்கள். உடனே அது சட்டமாகிவிடும். சொன்ன ஆமீனைத் திரும்பப் பெற முடியாது என்பதும் ஒரு சட்டம். அதற்கும் அவர்களேதான் ஆமீன் சொல்லியிருந்தார்கள்.

இப்படித்தான் ஊர்க் கிணறு அரண்மனைத் தோட்டத்துக்குப் போனது. பிறகு மழைநீர் பிடிப்பதும் குற்றமானது. இறைவன் நாட்டம் என்று மக்கள் பெருமூச்சு விட்டார்கள். பழியை இறைவன் மேல் போட்டுவிட்டு வஜீர் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வெள்ளியில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. அங்கே பாடம் நடத்தியவள் மைமூன். அவள் மகள் நஸீரா அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தாள். மைமூன் தன் வாப்பாவிடம் மேல்மொழியைப் பொருளோடு கற்றவள். வாசித்தது துஆ இல்லை என்று அவள் சொன்னபோதெல்லாம் அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

அவள் வஜீரிடம் போய், "பள்ளிக்கூடத்தை ஏன் பூட்டினீர்கள்?" என்று மேல்மொழியிலேயே கேட்டாள்.

வஜீர் அதையும் துஆ என்று நினைத்துக் கையேந்தி, "ஆமீன்" என்றார்.

மைமூன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வாசிக்கிறத வீட்டுமொழியில சொன்னா என்ன, சாஹிப்? படைச்சவன் அறிவத் தந்தது விளங்கிக்கத்தானே?"

"விளங்கினால் பயபக்தி குறைந்துவிடும், அம்மணி. இதுவரை விளங்காமல்தானே ஒழுங்காக இருக்கிறோம்?"

பெருநாளன்று யார் வேண்டுமானாலும் துஆ கேட்கலாம் என்பது நாட்டு வழக்கம். பெண்கள் பக்கத்திலிருந்து மைமூன் எழுந்து மேல்மொழியில் நிதானமாக ஓதினாள். சுல்தான் கண்மூடி உருகினார். எல்லோரையும்விட உரக்க ஆமீன் சொன்னவர் வஜீர்தான்.

"என்ன லாத்தா கேட்டீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பொம்பளப்புள்ளைக பள்ளிக்கூடத்த இன்னைக்கே தொறக்கணும். வீட்டுமொழியில சொல்லி, விளங்கி, சம்மதிக்காத எதுவும் இனிமே சட்டமில்ல. பழசுக்கும் சேத்துத்தான்," என்றாள் மைமூன், சபை முழுவதும் கேட்க.

"செல்லாது!" என்று அலறினார் வஜீர்.

"ஆமீனைத் திரும்பப் பெற முடியாதே, வஜீர்," என்றார் சுல்தான் வருத்தத்தோடு. நஸீரா பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

பதவி போன வஜீர் அக்கரை நாட்டுச் சபைக்குப் போய், மக்களுக்கு விளங்காமல் சட்டம் இயற்றும் கலை தனக்குத் தெரியும் என்று வேலை கேட்டார்.

"இங்கே அதற்குத் தேவையில்லை, ஐயா," என்றார்கள் உறுப்பினர்கள். "எங்கள் சொந்த மொழியில் எழுதியதையே நாங்கள் வாசிக்காமல்தான் மேஜையைத் தட்டுகிறோம்."