இரண்டாம் ஊற்றுக்கண்

கிரேக்க நாட்டில், ஒலிவ மரங்கள் மண்டிய ஒரு காட்டில், ஆள்வதற்கென்றே பிறந்த ஓர் ஆட்டுக் குடும்பம் இருந்தது. அந்த நாட்டு வழக்கப்படி மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரையே வைப்பார்கள். தாத்தா ஸ்தாத்திஸ், அப்பா லெஃப்தேரிஸ், பிள்ளை மறுபடியும் ஸ்தாத்திஸ். இதனால் கட்சிக்கு இரண்டே சுவரொட்டிதான். மாற்றி மாற்றி ஒட்டினால் வேலை தீர்ந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரித் தாடி என்பதால் படத்துக்கும் கவலையில்லை.

நம் கதை பேரன் ஸ்தாத்திஸைப் பற்றியது. பாவம், அவனுக்குப் படிப்பு ஏறிவிட்டது. அக்கரைத் தீவில் படித்துவிட்டு, கழுத்தில் செல்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் வந்து சேர்ந்த அன்றே அப்பா காலமானார். அம்மா எவாந்தியா அழுது முடித்த கையோடு மகனை மேடையில் ஏற்றினாள். குடும்பப் பேச்சு ஒரே வரிதான்: "ஓட்டுப் போடுங்கள், இரண்டாம் ஊற்றுக்கண்ணைத் திறந்து காட்டுகிறேன்!"

காட்டுக்கு இருந்தது ஒரே ஊற்று. அதிலும் ஒரு கண்ணில்தான் தண்ணீர் வரும். மற்றதை ஒரு பாறாங்கல் அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் தண்ணீருக்கு நிற்கும் வரிசை மலையைச் சுற்றி வளைந்து போகும்.

பேச்சைக் கேட்டுக் கிழட்டு ஆமை பாண்டெலிஸ் கண் கலங்கினார். "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே இதைச் சொன்னீங்க தலைவரே. இன்னும் மறக்கல பாருங்க. உடம்புதான் கொஞ்சம் இளைச்சுட்டீங்க."

"அது எங்க தாத்தாங்க, பெரியவரே."

"என்ன அடக்கம்!" என்று ஆமை உருகிப்போனார்.

ஸ்தாத்திஸ் அமோகமாக ஜெயித்தான். ஆனாலும் ஆமையின் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. தாத்தாவாகவே வாழ்ந்து தாத்தாவாகவே செத்துப்போக அவனுக்கு மனம் ஒப்பவில்லை. தானாக ஒரு காரியமாவது செய்துவிட வேண்டும் என்று துடித்தான். மறுநாள் காலை ஊற்றுக்குப் போய்க் கல்லை ஒரே முட்டு முட்டினான். கல் உருண்டு ஓடியது. தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. மதியத்துக்குள் எல்லாரும் வயிறு முட்டக் குடித்துவிட்டார்கள். வரிசை கலைந்துவிட்டது.

பூமாலை வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஸ்தாத்திஸ். வந்தவர் ஆமைதான், அதுவும் ஒப்பாரியோடு.

"என் குடியைக் கெடுத்துட்டீங்களே தலைவரே! வரிசையில ஏழாவது இடம், எங்க தாத்தாகிட்ட இருந்து எனக்கு வந்தது. அதைச் சீதனமாத் தரேன்னு சொல்லித்தான் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணேன். இப்ப மாப்பிள்ளை வீட்டுல, ஏழாவது இடத்தை வச்சு நாக்கு வழிக்கவான்னு கேக்குறாங்க."

"அதான் தண்ணி வருதே, பெரியவரே?"

"எல்லாருக்கும்தான் வருது. அதுல என் பொண்ணுக்கு என்ன கௌரவம்?"

சும்மா இருக்குமா எதிர்க்கட்சி நரி? "வரிசையை மீட்போம்!" என்று கிளம்பிவிட்டது. அதன் பின்னால் காடே வரிசையாகப் போனது. நாளைக்கே சபையைக் கூட்டி ஸ்தாத்திஸை இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க தாத்தா எப்பேர்ப்பட்ட பலசாலி! அந்தக் கல்லை நகர்த்த அவரால முடியாதா? தினமும் அதுலதான் முதுகு சொறிஞ்சுப்பாரு. அது அசைஞ்சுடாதபடி பார்த்துப் பார்த்துச் சொறிவாரு. உங்கப்பாவும் அப்படித்தான். சேதாரமில்லாம உன் கையில கொடுத்துட்டுப் போனாங்க. நீ உன் பிள்ளைக்கு என்னத்தைடா விட்டுட்டுப் போவே?"

ஸ்தாத்திஸை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடிப்போய்ப் பள்ளத்தில் கிடந்த கல்லை, நாக்குத் தள்ளத் தள்ள மேலே உருட்டி வந்து பழையபடி அடைத்தான். அதன் மேல் ஏறி நின்று முழங்கினான்: "என் உயிரைக் கொடுத்தாவது இரண்டாம் ஊற்றுக்கண்ணைத் திறந்தே தீருவேன்!"

காடு அதிர்ந்தது. எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். நரிக்கு மூன்றாவது இடம், அதுவும் ஓடியது. ஆமை மூச்சிரைக்க ஏழாவது இடத்தில் போய் நின்று, சம்பந்தியைக் கைதட்டிக் கூப்பிட்டார். "பழைய தலைவர் திரும்பி வந்துட்டாருய்யா!" என்று அவருக்கு ஆனந்தக் கண்ணீர்.

அடுத்த வருஷம் ஸ்தாத்திஸுக்குப் பிள்ளை பிறந்தது. லெஃப்தேரிஸ் என்று பெயர் வைத்தார்கள். கட்சி அலுவலகத்தில் மற்றச் சுவரொட்டியை எடுத்துத் தூசி தட்டினார்கள். ஒருநாள் குட்டி துள்ளிக் குதித்து ஓடி, விளையாட்டாகக் கல்லை முட்டத் தலையைத் தாழ்த்தியது. ஸ்தாத்திஸுக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து போய்க் குறுக்கே விழுந்து, அந்த இடியைத் தன் விலாவில் வாங்கிக்கொண்டான்.

நீதி: சொன்னதைச் செய்துவிடுகிறவன் தன் பேரன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான்.