ஆறு பொட்டலம்

மண்டோர் வீரமுத்து எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.

காட்டில் ஆட்களை மேய்க்க வேண்டியவர், ரப்பர்ப் பால் ஸ்டோர் மூலையில் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அந்த வாளிக்கு அடியில்தான் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசுவின் மூன்றாவது சாப்பாடு இருந்தது. மணி பத்தேகால். சாப்பாட்டு நேரம் தாண்டிக் கால் மணி ஆயிற்று.

"என்ன மண்டோரே, காட்டுல வேல இல்லியா?"

"இருக்குங்க கிராணியாரே. காலு வலிக்குதுலா."

"அது ஓட்டை வாளி. ஒக்காந்தா ஒடஞ்சிரும்."

"ஓட்டைன்னா ஏற்கனவே ஒடஞ்சதுதானே? இன்னும் எங்கிட்டு ஒடையும்?"

"எந்திரிய்யா! தொரை வர்ற நேரம்!"

வீரமுத்து வாளியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, எதற்கோ சிரித்துக்கொண்டே போனார்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். மலாய் நாட்டில், ரந்தாவ் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்த்து எட்டு மாதம். பாலுக்கு மரம் வெட்டுகிறவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் மரவள்ளிக்கிழங்கு. உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அரை. காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது பேர் ஏறாதவனுக்கு அதுவும் கிடையாது.

போன மாதம் பெரட்டில், கையில் பெரட்டுப் புத்தகத்தோடு கிராணி மயங்கி விழுந்தார். அன்றைக்கு ஒருவர் பேரும் ஏறவில்லை. கூலிகள் குடியிருந்த லயமே பட்டினி கிடந்தது.

ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நல்லசாமி அவரை நிறுத்து, எடையைக் குறித்துக்கொண்டு வைத்தியம் சொன்னார்.

"மருந்தெல்லாம் இல்லீங்க. அரை ராத்தல ஒரே அடியா தின்னா ஒரு மணி நேரந்தான் தாங்கும். ஆறா பிரிச்சு, ரெண்டு மணிக்கு ஒருக்கா கொஞ்சம் போடுங்க. நாள் முச்சூடும் தின்னுக்கிட்டே இருக்கோம்னு வயிறு நம்பிரும்."

வயிறு நம்பும். ஊர்?

அங்கேதான் சிக்கல். லோபாக்கில் கடை வைத்திருக்கும் மச்சான் தனக்கு மாதாமாதம் அரிசி அனுப்புவதாகக் கிராணி தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கிழங்குத் தோலைச் சுரண்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து, "இன்னிக்கி ரசத்துல உப்பு தூக்கல்" என்று ஏப்பம் விட்டவர் அவர். அப்படிப்பட்டவர் ரெண்டு மணிக்கு ஒரு தரம் எல்லோர் முன்னாலும் கிழங்கு மெல்ல முடியுமா? அதனால் ஆறு பொட்டலம், ஆறு மறைவிடம்.

வாளியைத் தூக்கினார். வாழையிலையைப் பிரித்தார். மூன்று துண்டு வைத்ததாக ஞாபகம். ஐந்து இருந்தது. பசியில் எண்ணிக்கைகூட மறந்து போகிறது என்று நொந்துகொண்டார். ஆனாலும் டிரஸ்ஸரின் யோசனை யோசனைதான். இடுப்பில் நிற்காமல் நழுவிய கால்சட்டை இந்த ஒரு மாதத்தில் கயிறில்லாமலே நிற்கிறது!

நாலாவது துண்டு வாயில் இருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"ஆப்பா மாக்கான்?"

என்ன தின்கிறாய் என்று மலாயில் கேட்டபடி ஜப்பான் துரை உள்ளே வந்துவிட்டான்.

ஸ்டோர் கிழங்கைத் திருடினதாக நினைத்துவிட்டால் போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைதான். கிராணிக்கு வேர்த்தது. கிழங்கை விழுங்கிவிட்டு, எல்லாவற்றையும் மலாயில் கொட்டினார். என் பங்கு அரை ராத்தல், அதையே ஆறாகப் பிரிக்கிறேன், திருடவில்லை. துரை நம்பாமல் பார்த்தான். பயத்தில் கிராணி ஒரு படி மேலே போனார்.

"அரை ராத்தலே தாராளம் துரை! பாருங்க!" என்று வயிற்றில் தட்டிக் காட்டினார்.

துரை அவர் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தான். முதல் தடவையாகச் சிரித்தான்.

"அப்படியானால் எல்லோருக்கும் அரை ராத்தல் போதும். நாளைக்குப் பெரட்டில் நீயே சொல்."

அன்று நாலாவது பொட்டலம் இறங்கவில்லை. ஐந்தாவதைத் தொடவேயில்லை. லயத்தில் நூற்றிருபது வாய். அத்தனையிலும் பாதியைத் தன் வாயாலேயே பிடுங்கியாயிற்று. யோசித்து யோசித்து ஒரே ஒரு வழிதான் தென்பட்டது. மயங்கி விழுந்துவிட வேண்டும். ஆறு வேளை தின்றவனே விழுந்தால் துரை அந்த யோசனையைத் தூக்கிப் போட்டுவிடுவான்.

மறுநாள் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

"இன்னியிலேர்ந்து ஆளுக்கு…" என்று தொடங்கிய கிராணி, ஈரமில்லாத இடமாகப் பார்த்துச் சாய்ந்தார்.

நல்லசாமி ஓடிவந்து கையைப் பிடித்தார். தன் வைத்தியம் தோற்றதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே!

"நாடி குதிரையாட்டம் ஓடுது துரை! ஒண்ணுமில்ல!" என்று மலாயிலேயே முழங்கினார்.

"டிரஸ்ஸரே, சும்மா இருய்யா," என்று கிராணி பல்லிடுக்கில் முனகினார்.

"பேசவும் பேசுறாரு துரை!"

துரை ரப்பர் நிறுக்கும் தராசைக் காட்டினான். அக்குளில் கயிறு போட்டுக் கிராணியைக் கொக்கியில் தொங்கவிட்டார்கள்.

"போன மாசம் தொண்ணூத்தாறு. இப்ப நூத்தி மூணு. ஏழு ராத்தல் ஏத்தம்!" டிரஸ்ஸருக்கு முகமெல்லாம் பல்.

கயிறு மெல்லச் சுழன்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒட்டிய கன்னங்கள் அவரையே பார்த்தன. கிராணிக்குத் தாங்கவில்லை.

"எங்கிட்ட அரிசி கெடையாது! லோபாக்குல மச்சானும் கெடையாது! நானும் கெழங்குதான் திங்கறேன், ஒளிச்சு வச்சு!"

யாரும் ஆச்சரியப்படவில்லை. அது அவருக்குப் புரியவில்லை.

துரை சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, 'ஒரு ராத்தல்' என்றிருந்த பலகையை நோக்கி நடந்தான். அப்போது மரம் வெட்டும் முத்தாயி வரிசையை விட்டு வெளியே வந்து, தொங்கிக்கொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அரை ராத்தலுக்கு ஒடம்பு ஏறலன்னு தொரைக்கு மலாய்ல எடுத்துச் சொல்லுங்க கிராணியாரே. மறுபடி நீங்க விழுந்தா எங்க பேரு ஏறாதேன்னு, ஒங்க ஆறு பொட்டலத்துலயும் லயத்து சனந்தான் மொற வச்சு எங்க பங்குலேர்ந்து துண்டு சேத்துக்கிட்டு வர்றோம். நேத்து வாளிக்கு மண்டோரு மொற."