அம்சவள்ளி அழித்த கணக்கு

திரையில் ஒன்றுமே இல்லை. அம்சவள்ளி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்கு அன்றுதான் சேர்ந்திருந்தாள். அதுவரை அங்கேயே பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. ஞாயிறுதோறும் ரவாங்குக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போனபோது லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. "தொட்டில் ஆட்டுற கைக்கு கம்ப்யூட்டர் எதுக்குலா?" என்றான் புருஷன் முருகையா.

காலையில், ஆபீஸ் கணக்கையெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி கனகலிங்கம் கறுப்பு டிஸ்க் ஒன்றை நீட்டினார்.

"கவனம் பிள்ளை. எஸ்டேட்டின்ர பழைய கணக்கு முழுக்க இதுக்குள்ளதான். நான் மாய்ஞ்சு மாய்ஞ்சு பதிஞ்சு வச்சனான்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவள் அதைச் செருகி ஒரு பட்டனைத் தட்டினாள். காலி என்றது திரை.

'ஐயோ, அழிச்சிட்டேனா?'

அலமாரியில் நகல் இருக்குமே என்று இன்னொன்றைப் போட்டாள். அதுவும் காலி. பதறிப்போய் அடுத்தது, அதற்கும் அடுத்தது. கை பட்டதெல்லாம் காலியானது.

ஆபீசைக் கூட்டித் தேத்தண்ணி போடும் தங்கமணி எட்டிப் பார்த்தாள். "என்னாடி இப்படி வேர்க்குது? ஏர்கான் ஓடுதே!"

"ஒண்ணுமில்லக்கா."

உண்மைதான். அலமாரி முழுக்க ஒன்றுமில்லை.

கனகலிங்கம் திரும்பியதும் அம்சவள்ளி அழுதேவிட்டாள். "ஐயா, எல்லாத்தையும் அழிச்சிட்டேன்!"

அவர் கத்தவில்லை. மெல்லக் கதவைச் சாத்தினார்.

"அழாதையும் பிள்ளை. வெளியில தெரிஞ்சா உமக்குத்தான் கரைச்சல். பேசாமல் வேலையை விட்டிட்டுப் போம். துரையிட்ட நான் கதைக்கிறன்."

தெய்வத்தைக் கும்பிடுவதுபோல் அவரைக் கும்பிட்டாள்.

காப்பகத்தில் அதற்குள் வேறு ஆயா வந்துவிட்டாள். அம்சவள்ளி களைக்கு மருந்து தெளிக்கும் கூட்டத்தில் சேர்ந்தாள். முருகையா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது. ரவாங் பஸ் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லாவற்றையும்விட, ஒரு நல்ல மனிதரின் உழைப்பைப் பாழாக்கிவிட்டோமே என்ற நினைப்புதான் அவளை அரித்தது.

அந்தத் தீபாவளிக்கு முறுக்குச் சட்டியும் கையுமாகப் போனவளைத் தங்கமணி வழிமறித்தாள்.

"யாருக்குடி இம்புட்டு முறுக்கு?"

"பெரிய கிராணிக்குத்தான்க்கா. பாவம், எவ்வளவு கணக்கு பதிஞ்சு வச்சிருந்தாரு!"

"அவரா? மெஷின் வந்தன்னைக்குப் பூஜை போட்டதோட சரி. அதுமேல போர்த்தின துணியை எடுத்த மொத ஆளே நீதானடி!"